கோபுரத்தில் ஆள் இருக்கிறார்

முன்பெல்லாம் படம் தெரியவில்லை என்றால் மனிதர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். இப்போது பெட்டி சுவரில் தொங்கும் பலகையாகிவிட்டது. தட்டுவதற்குத் தலை இல்லை. அதனால் எங்களைத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். இதில் யாரையும் குறை சொல்லமாட்டேன். பணம் கொடுத்து வாங்கிய பெட்டி, நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை. யாரிடமாவது கேட்கத்தானே செய்வார்கள்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு, அவசரமில்லை என்றும் சொன்னீர்கள். நன்றி. எழுதுவது எனக்குப் பழகிய வேலைதான். அந்தக் குன்றின் மேலிருக்கும் ஒளிபரப்பு நிலையத்தில் இருபத்தேழு வருடமாகப் பதிவேடு எழுதியவன் நான். எத்தனை மணிக்கு எந்த இயந்திரம் ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது, யார் வந்தார், யார் போனார். நான் சேர்ந்தபோது அங்கே பதினொரு பேர் வேலை பார்த்தோம். ஒருவர் ஓய்வு பெற்றால் அவருடைய நாற்காலியை அறைக் கோடியில் நகர்த்தி வைப்போம். புது ஆள் வரமாட்டார். கடைசியில் ஒன்பது நாற்காலிகள் கோடியில் சேர்ந்துவிட்டன. பகலுக்கு நான், மாலைக்கு இன்னொருவர், அவ்வளவுதான்.

இந்த வருடத் தொடக்கத்தில் அலைவரிசை மாற்றம் வந்தது. நாங்கள் ஒளிபரப்பிக்கொண்டிருந்த அலைவரிசைகளைச் செல்போன் வேலைக்கு ஒதுக்கிவிட்டார்கள். எங்களை வேறு இடத்துக்கு நகரச் சொன்னார்கள். குடியிருக்கும் வீட்டை மாற்றுவதுபோலத்தான். ஆனால் இங்கே நாங்கள் வீடு மாறினால், எங்களைத் தேடி வருகிற லட்சம் பேரும் புது விலாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் மறுபடி ஒருமுறை சேனல்களைத் தேடவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

எங்கள் பகுதியில் பிற்பகல் மூன்று மணித் தொடரை விடாமல் பார்க்கிற ஓர் அம்மா இருந்தார். முகம் தெரியாது, குரல் தெரியும். நான் மனதுக்குள் மூணு மணி அம்மா என்று பெயர் வைத்திருந்தேன். மாற்றம் நடந்த அன்றே கூப்பிட்டார்.

"தம்பி, நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு. இப்ப கறுப்பா நிக்குது. நான் ஒண்ணும் பண்ணலப்பா."

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. நாங்கதான் அலைவரிசைய மாத்திட்டோம். ரிமோட்ட கையில எடுங்க. மெனுன்னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க."

"எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சேப்பா."

"சரி, மேல இருந்து எண்ணுங்க. மூணாவது வரிசை, இடது பக்கம்."

"என் இடதா, ரிமோட்டோட இடதா?"

நாற்பது நிமிடம் ஆனது. நான் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. விசாரித்தால் அவரே சொல்வார். பொறுமைசாலி என்றுதான் எல்லாரும் என்னைச் சொல்வார்கள்.

சேனல்களைத் தேடிப் பிடித்தவர்களுக்கும் தொல்லை தீரவில்லை. புது அலைவரிசைக்குக் கோபுர உச்சியில் புது ஆன்டெனா வைக்க வேண்டியிருந்தது. அது தயாராகும் வரை, கீழே பாதி உயரத்தில் இருந்த சின்ன ஆன்டெனாவிலிருந்து குறைந்த சக்தியில் ஒளிபரப்பினோம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. குன்றின் தெற்குப் பக்கத்து வீடுகளில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பழைய காலத்துப் படமென்றால் புள்ளி விழும், நிழலாடும், இருந்தாலும் ஆள் யாரென்று தெரியும். டிஜிட்டலில் அந்த இரக்கம் கிடையாது. ஆறு வாரம் நான் கேட்டதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: படம் வரல. கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்பார். முடிவெட்டப் போனால் முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலைக் கழுத்தருகே வைத்துக்கொண்டே கேட்பார். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் காதுக்குள் மணி அடிக்கும்.

உச்சியில் ஆன்டெனா வைக்க வந்த குழுவுக்குத் தலைவன் என் மைத்துனன். மனைவிக்கு ஒரே தம்பி. பன்னிரண்டு வயதில் பெற்றவர்கள் போய்விட, எங்கள் வீட்டுக்கு வந்தவன். வந்த முதல் வாரமே சுவரில் தண்ணீர்க் குழாயைப் பிடித்து மாடிக்கு ஏறிவிட்டான். பல்லி என்று நான்தான் பெயர் வைத்தேன். அது நிலைத்துவிட்டது. முப்பத்தைந்து வயதாகி, அவனுக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்தபோதும், அவர்களும் பல்லி அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவனுக்கு அதில் கோபமில்லை. அவனுக்கு எதிலுமே கோபம் வராது. நல்லவன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

வேலை நடந்த நாட்களில் எங்கள் வீட்டில்தான் தங்கினான். மனைவி இரண்டு சாப்பாட்டு டப்பாக்களைக் கட்டி என்னிடம் கொடுத்தனுப்புவாள். கட்டுப்பாட்டு அறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அவனுடைய டப்பா எப்போதும் கொஞ்சம் கனமாக இருக்கும். அதை நான் ஒருநாளும் பெரிதுபடுத்தியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் சாப்பிடாமல் டப்பாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, அக்கா சமையல் அலுத்துப் போச்சா?" என்றேன்.

"அத்தான், டவர் நடுவுல ஒரு இணைப்பு இருக்குல்ல, தொண்ணூறு மீட்டர்ல. அதுல பன்னெண்டு போல்ட்டு. மூணு அத்துப் போயிருக்கு. மீதியும் துருப்பிடிச்சு விரல் வச்சா உதிருது. இழுத்துக் கட்டின கம்பி ஒண்ணு தளர்ந்து தொங்குது."

"பழைய டவர். அப்படித்தான் இருக்கும்."

"அப்படி இருக்கக் கூடாதே. ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஏறிப் பாக்கணும். பாத்ததா ஃபார்ம் இருக்கு. நேத்து ஃபைல்ல பாத்தேன். ஒன்பது வருஷமா எல்லாத்துலயும் 'நல்ல நிலை'. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து." அவன் குரலைத் தாழ்த்தினான். "கம்பியோட இழுவிசைகூட ஒன்பது வருஷமும் ஒரே எண்ணு அத்தான். ஒரு புள்ளி மாறல."

இதற்கு உங்களிடம் விளக்கம் சொல்ல வேண்டும். ஏறிப் பார்க்க ஆள் வேண்டும் என்று நான் தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். கிணற்றில் போட்ட கல். நான்காவது கடிதம் எழுதுவதற்குப் பதிலாக ஃபார்மை நிரப்பினேன். முந்தைய தாளைப் பார்த்து எழுதுவது எளிது. கோபுரம் நேற்று நின்றது, இன்றும் நிற்கிறது. அப்படியானால் நல்ல நிலைதானே? அதில் பொய் என்று எதுவும் எனக்குப் படவில்லை. என் முழங்கால் தேய்ந்துவிட்டது. ஓய்வு பெற இருபது மாதம்தான் இருந்தது.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"நான் எழுதிக் கொடுத்தாகணும் அத்தான். அடியில பள்ளிக்கூடம் இருக்கு. டவர் சாஞ்சா அந்தப் பக்கம்தான் சாயும்." பிறகு என் கையைத் தொட்டான். "ஆனா நான் எழுதினா உங்க வேலை போயிடும். நீங்களே எழுதுங்க. முடியல, விட்டுட்டேன், இப்ப பாத்தேன்னு எழுதுங்க. திட்டுவாங்க, அவ்ளோதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் வாயத் திறக்கமாட்டேன். அக்காகிட்டயும் சொல்லல."

யோசித்துப் பாருங்கள். நான் சோறு போட்டு வளர்த்தவன், எனக்கு நான்கு நாள் தவணை கொடுக்கிறான். அன்பாகத்தான் கொடுத்தான். அந்த அன்பைத் தாங்குவதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், முடிந்திருக்கும்.

புதன்கிழமை நான் ஒரு தாளை எடுத்து 'ஐயா' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அன்றே உச்சி ஆன்டெனாவுக்குக் கேபிளை இணைத்து, எல்லாரும் கீழே இறங்கிய பிறகு, ஐந்து நிமிடம் முழு சக்தியில் ஓட்டிப் பார்த்தோம். அருமையாக வேலை செய்தது. மேலே நான்கு பிடிப்பான்களை இறுக்குவது மட்டும்தான் பாக்கி. அதை அவன் வியாழக்கிழமை முடிப்பதாகச் சொன்னான். இறங்கி வரும்போது தொண்ணூறாவது மீட்டரில் நின்று போல்ட்டுகளைப் படம் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னான். "உங்க லெட்டரோட சேத்து அனுப்புங்க அத்தான், பலமா இருக்கும்" என்றான்.

ஏறுகிறவர் உச்சியில் இருக்கும்போது அங்கே சக்தி போகக் கூடாது. போனால் மனித உடம்பு உள்ளேயிருந்து சூடாகும். தொடுகிற இரும்பெல்லாம் சுடும். அதற்காக ஒரு முறை இருக்கிறது. சக்தியைக் கீழ் ஆன்டெனாவிலிருந்து உச்சி ஆன்டெனாவுக்கு மாற்றும் கைப்பிடியில் பூட்டுப் போட்டு, 'கோபுரத்தில் ஆள் இருக்கிறார்' என்ற சிவப்புப் பலகையைத் தொங்கவிட்டு, சாவியை ஏறுகிறவரே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறுவார். அவர் இறங்கி வந்து பூட்டைத் திறக்கும்வரை யாராலும் எதுவும் செய்ய முடியாது. நல்ல முறை. அந்தப் பூட்டுக்கு ஒரே சாவிதான் இருக்க வேண்டும் என்பது விதி. பதினொரு வருடம் முன்னால் ஓர் ஆள் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் பகல்வரை ஊருக்குப் படமில்லை. அப்போது நான் இரண்டாவது சாவி ஒன்று செய்து வைத்தேன். பொதுமக்கள் நன்மைக்காகத்தான். அது என் மேசை இழுப்பறையில், அஞ்சல் தலைகளுக்கு அடியில் இருந்தது.

வியாழக்கிழமை ஒன்றே முக்காலுக்கு அவன் ஏறத் தொடங்கினான். மற்ற மூவர் வேறு ஊர் வேலைக்குப் போயிருந்தார்கள். சாமான்களை மேலே இழுக்கும் விஞ்சை ஓட்டுகிறவர் மட்டும் கோபுரத்தடியில் இருந்தார். ஏறுவதற்கு முன் பல்லி கதவருகே வந்து, "அத்தான், எழுத ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டான். ஆரம்பித்துவிட்டேன் என்றேன். அது உண்மைதான். 'ஐயா' என்று எழுதியிருந்தேனே.

அன்று பிற்பகல் தொலைபேசி ஓயவில்லை. முதல் நாள் விசாரணையில் உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். தெற்குப் பக்கத்திலிருந்து வரிசையாக அழைப்புகள். இரண்டரைக்கு மூணு மணி அம்மா. "தம்பி, இன்னிக்காவது பாக்க முடியுமாப்பா? நான் இன்னும் எத்தனை நாளு இருக்கப் போறேன்?" என்றார். உச்சி ஆன்டெனா முந்தின நாளே நன்றாக வேலை செய்தது. ஒரு திருப்புத் திருப்பினால் ஊருக்கே படம் வரும். அவன் வேலையை முடித்திருப்பான், இறங்கத் தொடங்கியிருப்பான் என்று நினைத்தேன். இப்படித்தான் முதலில் சொன்னேன். என் மனதில் அது இன்னும் இப்படித்தான் இருக்கிறது.

இரண்டு முப்பத்தைந்துக்கு இழுப்பறையைத் திறந்தேன். பூட்டைத் திறந்து மேசைமேல் வைத்தேன். சிவப்புப் பலகையைக் கழற்றி, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தேன். கைப்பிடியைத் திருப்பினேன். பிறகு சக்தியைப் படிப்படியாக ஏற்றினேன். சட்டென்று ஏற்றினால் இயந்திரத்துக்கு நல்லதல்ல.

ஒரு நிமிடத்துக்குள் வாக்கி-டாக்கியில் அவன் குரல் வந்தது.

"அத்தான், லைன் ஆஃப்லதானே இருக்கு?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, கை சுடுது. க்ளவுஸுக்குள்ள சுடுது. கண்ணு ஒருமாதிரி எரியுது."

"வெயில்ல இரும்பு காஞ்சிருக்கும். சாவி உன்கிட்டதானே இருக்கு?"

அவன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

"ஆமா அத்தான், இங்கதான் இருக்கு."

"அப்புறம் என்ன? முடிச்சிட்டே வா."

"சரி அத்தான்."

அவன் நம்பினான். என் குரலை அவன் எப்போதும் நம்புவான். நான் அப்படிச் சொல்லாவிட்டால் பதறியிருப்பான். உயரத்தில் பதறுவது ஆபத்து. அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. அடுத்து மூன்று முறை கூப்பிட்டான். கடைசி முறை வார்த்தையாக இல்லை. வாக்கி-டாக்கியின் ஒலியைக் குறைத்தேன். முழுக்க அணைக்கவில்லை. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஏறுகிறவர்களின் இடுப்பில் இரண்டு கொக்கிகள் இருக்கும். ஒன்றைக் கழற்றினால் மற்றொன்று மாட்டியிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கழன்றிருந்தன என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. பல்லி அப்படிச் செய்கிறவன் அல்ல. இரும்பைத் தொட முடியாமல் போன கைகள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. கட்டுப்பாட்டு அறையின் கோபுரப் பக்கத்து ஜன்னலை ஒரு பீரோ மறைத்திருக்கிறது. விஞ்ச் ஓட்டுகிறவர் கத்தியது கேட்டது. நேரத்தைப் பார்த்தேன். இரண்டு நாற்பத்தொன்று.

சக்தியைக் குறைத்தேன். கைப்பிடியைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன், பூட்டினேன், பலகையைத் தொங்கவிட்டேன். அதன் பிறகுதான் வெளியே ஓடினேன். என் முழங்காலுக்கு அது ஓட்டம்தான். விஞ்ச் ஓட்டுகிறவர் அவனருகே மண்டியிட்டிருந்தார். "சார், ஏன் சார், ஏன் சார்" என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா கேட்டார். சட்டைப்பையில் சாவி அப்படியே இருந்தது. அதை எடுத்து நான்தான் உங்கள் காவலரிடம் கொடுத்தேன். சாவி அவனிடமே இருந்ததால் விபத்து என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஒன்பது நாள் ஏற்றுக்கொண்டார்கள்.

சக்தி ஏறி இறங்கிய நேரத்தை இயந்திரம் தன்பாட்டுக்குக் குறித்து வைக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். இருபத்தேழு வருடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அழிக்க வேண்டும் என்று தோன்றியது, எழுந்து போக அலுப்பாக இருந்தது. இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நேற்று நீங்கள் தொலைபேசி அழைப்புப் பட்டியலை என் முன்னால் வைத்தீர்கள். அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்குப் பிறகு நிலையத்துக்கு ஓர் அழைப்பும் வரவில்லை. வந்திருக்க முடியாது. காலையில் நான்தான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிவைத்தேன். தலைவலி. ஆறு வாரத்தில் முதல் முறையாக அந்த அறை அமைதியாக இருந்தது. காற்றாடியின் சத்தம்கூடக் கேட்டது. அந்த அமைதியில் நான் பதற்றமே இல்லாமல், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எண்ணினேன். பிறகு இழுப்பறையைத் திறந்தேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அவன் மேலே இருப்பது தெரிந்தே திருப்பினேன். அவன் கீழே வரக் கூடாது என்பதற்காகவே திருப்பினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. தொண்ணூறாவது மீட்டரில் மூன்று போல்ட்டுகள் இல்லை. அடியில் பள்ளிக்கூடம் இருக்கிறது. யாரையாவது அனுப்பிச் சரிசெய்யச் சொல்லுங்கள். அவன் கேட்ட கடிதமாக இதையே வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு விஷயம். என் மனைவியைப் பற்றி.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு டப்பாக்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். பழக்கத்தில் இரண்டையும் கழுவியிருக்கிறாள்.

"வாக்கி-டாக்கில உங்ககிட்டதானே கடைசியாப் பேசினான்?" என்றாள்.

"ஆமா."

"என்ன சொன்னான்?"

கவிழ்த்திருந்த டப்பாக்களில் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"அக்காவ நல்லாப் பாத்துக்கங்க அத்தான்னு சொன்னான்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு என் கையைப் பிடித்து, "நீங்க இருக்கீங்க, அது போதும் எனக்கு" என்றாள். அன்றிரவு அவள் கொஞ்சம் தூங்கினாள். நானும் தூங்கினேன்.

இந்தத் தாள்கள் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறேன். முடியாது என்றால், அந்த ஒரு வரியை மட்டுமாவது அவளிடம் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். என்னை இருபத்தெட்டு வருடமாக அறிந்தவள் அவள். என் வாயிலிருந்து பொய் வராது என்று அவளுக்குத் தெரியும். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் அவள் நிம்மதிக்காகத்தான் சொன்னேன்.